மாமி திருப்பி வைத்த கேக்

ஷஅபான் மாதத்தின் கடைசி வாரம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கும் எங்கள் பேக்கரிக்கு மாலை நான்கு மணிக்கு மேல்தான் கூட்டம் வரும். மாமி அன்று மூன்றரைக்கே வந்துவிட்டார். என் அத்தா கடை வைத்திருந்த காலத்திலிருந்து வருகிறவர். வழக்கம்போல வெண்ணிலா கேக் நான்கு துண்டும் ரஸ்க் கால் கிலோவும் கேட்டார். பையன் கட்டிக் கொடுத்தான். வாங்கியவர் பணத்தை எடுக்காமல் சற்று நின்றார். பிறகு கேக் பொட்டலத்தை மட்டும் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்து என் பக்கமாக நகர்த்தினார்.

"தம்பி, இதில் 471 போடுகிறீர்களா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. மாமியே விளக்கினார். பேரனின் செல்போனுக்கு ஒரு பட்டியல் வந்திருக்கிறது. உணவுப் பாக்கெட்டில் சேர்மானங்களுக்குப் போடும் எண்கள் அதில் இருக்கின்றன, அவை எல்லாம் பன்றிக் கொழுப்பாம். கேக், ஐஸ்கிரீம் எல்லாவற்றிலும் 471 இருக்கிறதாம். "உங்கள் அத்தா கடையில் நின்று இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நோன்பு வருகிறது. பிள்ளைகள் வயிற்றில் என்ன போகிறது என்று தெரிய வேண்டாமா?"

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அவர் கேட்டதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல என்னிடம் பதில் இல்லை. "விசாரித்துச் சொல்கிறேன் மாமி" என்றேன். ரஸ்க்குக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுப் போனார். பேரனின் பட்டியலில் ரஸ்க்கைப் பற்றி ஒன்றும் இல்லையாம்.

அன்று இரவு கடையை அடைத்த பிறகு சமையற்கட்டுக்குப் போய் கேக் ஜெல் டப்பாவைக் கையில் எடுத்தேன். ஆயிரம் முறை திறந்த டப்பா. அதன் பின்பக்கத்தைப் படித்தது அன்றுதான் முதல்முறை.

கேக் ஜெல்லைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் வரும் வெளிர் மஞ்சள் பசை அது. மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெயைப் போலத் தெரியும். ஆனால் விரல் சூட்டில் உருகாது, ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கழுவினால் சோப்பைப் போல வழுக்கும். வாசனை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அத்தா காலத்தில் இது இல்லை. முட்டையையும் சர்க்கரையையும் பெரிய பாத்திரத்தில் போட்டு அரை மணி நேரம் அடிப்பார். கரண்டியைத் தூக்கினால் மாவு ரிப்பனைப் போல மடிந்து விழ வேண்டும். அதன் பிறகு சலித்த மைதாவைத் தூவி, காற்று போய்விடாமல் கையால் புரட்டிப் புரட்டிச் சேர்ப்பார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசக் கூடாது. இன்று முட்டை, சர்க்கரை, மைதா, தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, கிலோ மைதாவுக்கு 50 கிராம் ஜெல் போட்டு மிஷினை ஓட விட்டால் போதும். ஏழு நிமிடத்தில் மாவு வெளுத்துப் பொங்கிப் பாத்திரத்தின் விளிம்புக்கு வந்துவிடும். அடுப்புக்குள் வைக்கக் கால் மணி நேரம் தாமதமானாலும் அமுங்காது.

அந்த வேலையைச் செய்வதுதான் 471. டப்பாவில் இப்படித்தான் இருந்தது: எமல்சிஃபையர் 471, 475, ஈரப்பதம் காப்பவை 420, 1520. பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

பட்டியலை மாமியின் பேரனிடமிருந்து வாங்கினேன். கல்லூரியில் வேதியியல் படிக்கும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இருவருமாக ஒவ்வோர் எண்ணாகப் பார்த்தோம். முதல் எண் 100. அது குர்குமின், மஞ்சளின் நிறம். எங்கள் பக்கத்து மாவட்டமான தர்மபுரியில் வயலில் விளைகிற மஞ்சள்தான். 140 என்பது இலையின் பச்சையம். 270 லாக்டிக் அமிலம், தயிர் புளிப்பது அதனால்தான். 334 டார்டாரிக் அமிலம், நம் புளியில் இருக்கும் புளிப்பு. இவை அத்தனையையும் பன்றிக் கொழுப்பு என்று எழுதி, கீழே "ஒவ்வொரு முஸ்லிமுக்கும் அனுப்புங்கள்" என்று போட்டிருந்தார்கள். எனக்கு மனம் மிகவும் கசந்தது. நம் வீட்டு மீன் குழம்பில் மஞ்சளும் புளியும் சேராமல் இருக்குமா? மார்க்கத்தின் பெயரைச் சொல்லி இதை எழுதியவர் எந்தப் புத்தகத்தையும் திறந்து பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் பட்டியல் முழுவதும் பொய் என்று தூக்கி எறியவும் முடியவில்லை. 120 என்ற எண் கார்மைன். கள்ளிச் செடியில் வாழும் ஒரு பூச்சியைக் காய வைத்து அரைத்து எடுக்கும் சிவப்பு. மார்க்கச் சட்ட வழிகளை மத்ஹப் என்போம். அவற்றில் ஒன்றான ஹனஃபி மத்ஹபில் பூச்சிகளை உண்பது ஆகாது. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களில் பின்பற்றுவது ஹனஃபி மத்ஹபைத்தான். கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹபினர் அதிகம், அவர்களுக்கும் பூச்சி ஆகாது. மாலிக்கி அறிஞர்கள் மட்டும் இதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நல்லவேளையாக நம் ரோஸ்மில்க்கிலும் கேக் பூவிலும் போடும் மலிவான சிவப்பு பெரும்பாலும் 122, கார்மோசின். அது தொழிற்சாலையில் செய்யும் சாயம், பூச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கார்மைன், கார்மோசின் என்று பெயர் காதில் ஒன்றுபோல விழுவதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. அந்த மாதிரி உண்மையும் பொய்யும் கலந்து கிடக்கிற இடத்தில்தான் 471 இருக்கிறது.

மகள் எனக்கு அதை வாழைப்பழத்தை வைத்து விளக்கினாள். எண்ணெயோ நெய்யோ கொழுப்போ, எதுவானாலும் அதன் மூலக்கூறு மூன்று பழங்கள் உள்ள ஒரு சிறு சீப்பைப் போன்றது. காம்பு கிளிசரால். பழங்கள் கொழுப்பு அமிலங்கள். கொழுப்போடு இன்னும் கொஞ்சம் கிளிசராலைச் சேர்த்து, காரப் பொருள் ஒன்றின் துணையோடு 200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பழங்கள் இடம் மாறும். ஒரு பழம் உள்ள சீப்பும் இரண்டு பழம் உள்ள சீப்பும் உண்டாகும். ஒரு பழம் உள்ளது மோனோகிளிசரைடு, இரண்டு உள்ளது டைகிளிசரைடு. இந்தக் கலவைக்குத்தான் 471 என்று எண். பழம் போன இடத்தில் காம்பு தண்ணீரோடு ஒட்டும். மீதிப் பழம் எண்ணெயோடும் காற்றோடும் ஒட்டும். அதனால்தான் மாவுக்குள் சிறு சிறு காற்றுக் குமிழிகளை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. ரொட்டி மறுநாளும் மெதுவாக இருப்பதும் ஐஸ்கிரீம் வழவழப்பாக இருப்பதும் இதன் உபயம்தான்.

"சரி, அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன்.

"அதை இந்த எண் சொல்லாது அத்தா" என்றாள். பாமாயிலில் செய்தாலும் 471. சோயாவில் செய்தாலும் 471. மாட்டுக் கொழுப்பில் செய்தாலும், பன்றிக் கொழுப்பில் செய்தாலும் அதே 471. சோதனைச்சாலைக்காரர்களுக்கே செய்து முடித்த பொருளை வைத்து மூலத்தைப் பிரித்துச் சொல்வது எளிதல்ல என்றாள். பொருளின் இயல்பையும் வேலையையும் குறிக்கத்தான் உலக நாடுகள் இந்த எண் வரிசையை ஏற்படுத்தின. அது எந்த உயிரிலிருந்து வந்தது என்ற கேள்வி அந்த வரிசையை அமைத்தவர்களின் மனதில் இல்லை. நம்முடைய கேள்வியோ அது ஒன்றுதான்.

செடியிலிருந்து என்றால் ஹலால், அதில் பேச்சே இல்லை. பன்றியிலிருந்து என்றால் ஹராம். மாட்டுக் கொழுப்பு என்றால் அந்த மாடு முறைப்படி அறுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். மாடு என்றாலே நமக்குக் கூடும் என்று நினைக்கிற முஸ்லிம்களை நான் பார்த்திருக்கிறேன். அறுக்காமல் செத்த மாட்டின் கொழுப்பும் நமக்குத் தடுக்கப்பட்டதுதான்.

கொழுப்பைப் பற்றிய இந்தக் கவலை எங்கள் கடைக்குப் புதிதல்ல. 1983ஆம் ஆண்டு அத்தாவுக்கு நன்றாக நினைவிருந்தது, மௌத்தாகும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். இறக்குமதியான மாட்டுக் கொழுப்பை வனஸ்பதியில் கலக்கிறார்கள் என்ற செய்தி அந்த ஆண்டு நாட்டையே உலுக்கியது. அதுவரை பிஸ்கட்டுக்கும் பப்ஸுக்கும் வனஸ்பதிதான். அத்தா இருந்த டின்களை அப்படியே மூலையில் ஒதுக்கிவிட்டார். பல மாதம் கடலை எண்ணெயிலேயே பிஸ்கட் போட்டார். அது கரகரவென்று வந்தது, வாயில் கரையவில்லை, வியாபாரம் படுத்துவிட்டது. தெருவில் எதிர்ப்பக்கம் அடகுக்கடை வைத்திருந்த சேட்டும் அந்த ஆண்டு வனஸ்பதியை நிறுத்தினார். அவர் ஜைனர். அத்தாவுடைய காரணம் வேறு, அவருடைய காரணம் வேறு. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே செய்தித்தாளைப் படித்தார்கள். இன்றும் சேட்டின் மகன் பிறந்தநாள் கேக் சொல்லும்போது முட்டை இல்லாதது வேண்டும் என்பதோடு "ஜெல் எதில் செய்தது?" என்று கேட்பார். அவர் கேட்டபோதெல்லாம் பச்சைப் புள்ளியைக் காட்டி அனுப்பியிருக்கிறேன். மாமி கேட்டபோது மட்டும் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்தப் புள்ளி சைவக்காரர்களுக்கானது, நமக்கானது அல்ல என்று மனம் எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தது போலும்.

உண்மையில் அந்தப் புள்ளி நமக்கும் பாதி வேலையைச் செய்து கொடுக்கிறது. இந்தியச் சட்டப்படி விலங்கு, பறவை, மீன், பூச்சி, முட்டை, இவற்றிலிருந்து வந்த எதுவும் உணவில் இருந்தால் அது அசைவம். பால், தேன், தேன்மெழுகு, அரக்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே ஒரு டப்பாவில் பச்சைப் புள்ளி உண்மையாகவே போடப்பட்டிருந்தால் அதிலுள்ள 471 பன்றியிலிருந்தும் வந்திருக்க முடியாது, மாட்டிலிருந்தும் வந்திருக்க முடியாது. 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. சேர்மானத்தின் எண்ணைப் போட்டால் மட்டும் போதாது, அது செடியிலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, சோதனைச்சாலையில் செய்ததா என்பதையும் தெரிவிக்க வேண்டும் என்றது. அந்த வழக்கில் முக்கியமாகப் பேசப்பட்டது 631 என்ற சுவையூட்டி. வழக்குத் தொடுத்தது முஸ்லிம் அமைப்பு அல்ல, பசுப் பாதுகாப்பு அமைப்பு. அவர்கள் கேட்டதால் எனக்கும் வழி கிடைத்தது. அதற்கு நன்றி சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மீதிப் பாதியைப் பச்சைப் புள்ளி செய்யாது. மதுவைப் பற்றி அது வாயே திறக்காது. ரம் எசன்ஸ் பாட்டிலிலும் பச்சைப் புள்ளி இருக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. முட்டை சேர்த்த பொருளுக்கு அசைவக் குறி போட வேண்டும். பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம். கடையில் வாங்கும் பாக்கெட் கேக்கில் அந்தக் குறியைப் பார்த்தால் அது முட்டைக்காகப் போட்டதா, வேறு எதற்காகவாவது போட்டதா என்று குறியை வைத்துச் சொல்ல முடியாது. பின்பக்கச் சிறிய எழுத்தைப் படித்தாக வேண்டும். இனி எங்கள் கடைக்கு வாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டில் அடுக்கி வைத்திருக்கும் கேக் துண்டில் பின்பக்கமும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. ஜெல் டப்பாவில் இருந்த தகவல் எங்கள் சமையற்கட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்புறம் வாங்குகிறவருக்கு இருக்கும் ஒரே லேபிள் என் வாய்தான். மாமி கேட்டபோது அந்த லேபிளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் எங்கள் மார்க்க அறிஞரான ஹஜ்ரத்தைப் பார்த்தேன். டப்பாவையும் கொண்டு போயிருந்தேன். அவர் வாங்கித் திறந்து, விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "சோப்பு மாதிரி இருக்கிறதே" என்றார். பிறகு பேசிய பேச்சு மஃரிப் பாங்கு வரை நீண்டது.

சோப்பு என்ற சொல்லை அவர் சும்மா சொல்லவில்லை. ஒரு பொருள் தன் இயல்பை முற்றிலும் இழந்து வேறொரு பொருளாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறுமா என்ற கேள்வி ஃபிக்ஹு எனும் மார்க்கச் சட்ட நூல்களில் மிகப் பழையது. இஸ்திஹாலா என்பார்கள். மது தானாகப் புளித்துக் காடியாகிவிட்டால், அதாவது வினிகராகிவிட்டால், அது ஹலால் என்பதில் எல்லா மத்ஹபும் ஒன்று. நாமே எதையாவது போட்டு மதுவைக் காடியாக்கினால் ஹனஃபியில் கூடும், ஷாஃபியில் கூடாது. ஹனஃபி நூல்களில் ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு: உப்புச் சுரங்கத்தில் கழுதை விழுந்து காலப்போக்கில் உப்பாகவே மாறிவிட்டால் அந்த உப்பு சுத்தமானது என்பது இமாம் முஹம்மதின் கருத்து. இமாம் அபூ யூசுஃப் அதை ஏற்கவில்லை. இருவரும் ஹனஃபி மத்ஹபின் இமாமான அபூ ஹனீஃபாவின் மாணவர்கள். அசுத்தமான எண்ணெயைச் சோப்பாக்கினால் அந்தச் சோப்பு சுத்தம் என்றும், மக்கள் அதைத் தவிர்க்க முடியாத நிலை இருப்பதால் அதன்படியே ஃபத்வா என்றும் பிற்காலத்து ஹனஃபி நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன.

"அப்படியென்றால் பன்றிக் கொழுப்பில் செய்த 471 கூடுமா ஹஜ்ரத்?" என்று கேட்டேன். எனக்கே அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

அவர் தலையை அசைத்தார். "உன் மகள் சொன்ன வாழைப்பழத்தையே எடுத்துக்கொள். சீப்பிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்துவிட்டாய். மீதி இருப்பது என்ன? வாழைப்பழம்தானே? கழுதை உப்பானது போலவா இருக்கிறது? மேலும் சோப்பு உடம்பில் தேய்ப்பது. இது வாயில் போடுவது. சுத்தம் வேறு, உண்ணக் கூடுவது வேறு." இதில் மாற்றுக் கருத்துள்ள அறிஞர்கள் உண்டு என்பதையும் அவரே சொன்னார். விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுத்து, இனிப்பை உறைய வைக்கப் போடும் ஜெலட்டின் விஷயத்தில் உலக அளவிலேயே இந்த வேறுபாடு தெரியும். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை உணவில் பயன்படுத்தக் கூடாது என்றது. 1995இல் குவைத்தில் மருத்துவர்களும் மார்க்க அறிஞர்களும் சேர்ந்து நடத்திய கருத்தரங்கு, ஜெலட்டின் முற்றிலும் மாறிப்போன பொருள், ஆகவே கூடும் என்ற முடிவுக்கு வந்தது. ஹஜ்ரத் முதல் பக்கம். நானும் அந்தப் பக்கம்தான். நம் வீடுகளில் நோன்பு திறக்க, கடலில் விளையும் பாசியைக் காய்ச்சி உறைய வைத்த ரோஜா நிறக் கடல்பாசி இருக்கும்போது ஜெலட்டினுக்காக ஏன் இத்தனை தூரம் வாதாட வேண்டும்?

நான் அன்று கேட்டவற்றில் என்னை மிகவும் அசைத்தது வேறொன்று. பட்டியலை அவரிடம் காட்டினேன். படித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. குர்ஆனின் 16ஆம் அத்தியாயத்தில் 116ஆம் வசனத்தை ஓதினார். இது ஹலால், இது ஹராம் என்று உங்கள் நாவுக்கு வந்தபடி பொய்யாகச் சொல்லி அல்லாஹ்வின் மேல் இட்டுக்கட்டாதீர்கள் என்பது அதன் கருத்து. அந்த அத்தியாயத்தின் பெயர் தேனீ. "ஹராமை ஹலால் என்று சொல்வது எத்தனை பெரிய குற்றமோ, ஹலாலை ஹராம் என்று சொல்வதும் அத்தனை பெரிய குற்றம். இந்தப் பட்டியலை அனுப்பியவர்கள் தங்களைப் பேணுதலானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்" என்றார்.

பிறகு நபியின் மனைவி ஆயிஷா நாயகம் அறிவிக்கும் ஒரு செய்தியைச் சொன்னார். புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருப்பது. சிலர் எங்களிடம் இறைச்சி கொண்டு வருகிறார்கள், அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொன்னார்களா இல்லையா என்று தெரியவில்லையே என்று மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணுங்கள் என்பதே கிடைத்த பதில். அந்த மக்கள் புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள். அவர்களைத் துருவித் துருவிக் கேட்கச் சொல்லவில்லை. ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இடையில் சந்தேகமானவை உண்டு, அவற்றைத் தவிர்ப்பவர் தன் மார்க்கத்தைக் காத்துக்கொண்டார் என்ற நபிமொழியும் இருக்கிறதே என்றேன். இருக்கிறது என்றார். "அந்தச் சந்தேகத்துக்கும் ஓர் அடிப்படை வேண்டும். பேரனின் செல்போன் அடிப்படை ஆகாது. ஆனால் தம்பி, ஆயிஷா நாயகத்தின் செய்தி உண்கிறவருக்குச் சொன்னது. விற்கிறவன் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. மாமி உன்னை நம்பிச் சாப்பிட்டால் அவருக்குக் குற்றம் இல்லை. நீ கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருந்தும் கேட்காமல் விற்றால் அது உன் அமானிதம், உன்னை நம்பி ஒப்படைத்த பொறுப்பு."

அந்த வார்த்தை இரவு முழுவதும் என்னைத் தூங்க விடவில்லை.

காலையில் ஜெல் கொடுக்கும் மொத்த வியாபாரிக்குப் போன் செய்தேன். பெங்களூருவில் இருக்கிறார். 471 எதில் செய்தது என்று எழுதிக் கேட்டு வாங்கித் தாருங்கள் என்றேன். "எல்லோரும்தான் வாங்குகிறார்கள், யாரும் இப்படிக் கேட்டதில்லையே. பச்சைப் புள்ளி இருக்கிறதே, வேறு என்ன வேண்டும்?" என்றார். புள்ளி இருக்கிறது, தெரியும். ஆனால் நான் பார்த்துச் சொல்ல ஒரு காகிதம் வேண்டும் என்றேன். மூன்று நாள் கழித்துப் போன் செய்தால் எடுக்கவில்லை. நேரடியாகத் தயாரிப்பாளர் முகவரிக்கே மகளை விட்டு மின்னஞ்சல் எழுதினேன். பதினோராம் நாள், நோன்பு நான்கில், பதில் வந்தது. ஒரு பக்கக் கடிதம்: 471, 475 இரண்டும் பாமாயிலிலிருந்து, ஹலால் சான்றிதழின் நகல் இணைப்பு. இத்தனை நாள் கேட்டிருந்தால் இத்தனை நாளும் கிடைத்திருக்கக்கூடிய கடிதம்.

அதே வாரத்தில் என் சாச்சா மகன் வீட்டுக்கு நோன்பு திறக்கப் போயிருந்தேன். அவன் பர்கூர் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறான். எங்கள் மாவட்டத்து பெங்களூரா மாம்பழம் கூழாகி வளைகுடா நாடுகளுக்குப் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூழுக்கு ஹலால் சான்றிதழ் வாங்குகிறார்கள் என்று அவன் சொன்னபோது, "மாம்பழத்தில் ஹராம் எங்கே வந்தது?" என்று நான் கேட்டேன். அவன் விரல்விட்டு எண்ணினான். கூழில் சேர்க்கும் சிட்ரிக் அமிலம் எப்படிச் செய்தது? அது பூஞ்சையை வைத்துச் சர்க்கரைக் கரைசலைப் புளிக்க வைத்து எடுப்பது, சரி. நுரை அடங்கப் போடும் பொருள் எந்த எண்ணெய்? அரைக்கும் எந்திரத்தின் பேரிங்கில் பூசும் கிரீஸ் எந்தக் கொழுப்பு? பழம் மட்டும் பார்த்தால் போதாது, பழம் தொடுகிற ஒவ்வொன்றையும் பார்க்கிறார்கள். தணிக்கைக்கு வருகிறவர் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் அவனிடம் ஒரு கோப்பு இருக்கிறது. ரியாத்தில் ஜூஸ் குடிக்கிற ஒருவருக்காக எங்கள் ஊர் ஆலையில் கோப்பு இருக்கிறது. பழையபேட்டையில் நம் மாமிக்காக என் கடையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் இருந்தது.

எனவே நானும் ஒரு கோப்பு தொடங்கினேன். சமையற்கட்டிலிருந்த ஒவ்வொரு டப்பாவையும் பாட்டிலையும் வெளியே எடுத்து மேஜையில் வைத்தேன். வெண்ணிலா எசன்ஸ் தப்பித்தது, அதில் கரைப்பான் 1520 என்று போட்டிருந்தது, ஆல்கஹால் இல்லை. ரம் எசன்ஸை நானே நிறுத்தினேன். அதில் மது இல்லை என்று எழுதியிருந்தாலும் அந்த வாசனையை என் கடையில் விற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இது என் சொந்த முடிவு, யாருக்கும் சட்டம் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பளபளப்பான சிவப்புத் தூவல் ஒன்று இருந்தது. பிறந்தநாள் கேக்கில் பிள்ளைகளுக்கு அதன்மேல் உயிர். அட்டையைத் திருப்பினால் 120 என்று தெளிவாக எழுதியிருந்தது. இரண்டு ஆண்டுகளாக வாங்கியிருக்கிறேன். மீதியைக் குப்பையில் கொட்டும்போது கை நடுங்கியது. எத்தனை பிள்ளைகளின் பிறந்தநாள் அது!

நோன்பு ஏழு அன்று மாமி வந்தார். கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, இருந்தாலும் கையில் வாங்கி, தலைப்பையும் முத்திரையையும் விரலால் தடவிப் பார்த்தார். பாமாயில் என்று எழுதியிருக்கிறது, ஹஜ்ரத்திடமும் கேட்டுவிட்டேன் என்றேன். சிவப்புத் தூவலைப் பற்றியும் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சொன்னாயே, அது போதும். கேக்கு நான்கு துண்டு கட்டச் சொல்" என்றார்.

பையன் கேக்கைக் கட்டிவிட்டு, வழக்கப்படி ரஸ்க்கையும் நிறுக்கக் கை வைத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரஸ்க் ரொட்டியிலிருந்து செய்வது. ரொட்டிக்கு பிரெட் இம்ப்ரூவர் போடுகிறோம். சில இம்ப்ரூவரில் 920 இருக்கும். அது மாவை இளக்கும் ஓர் அமினோ அமிலம். நொதிக்க வைத்தும் அதைச் செய்கிறார்கள், பறவை இறகிலிருந்தும் எடுக்கிறார்கள், மனித முடியிலிருந்தும் எடுப்பதுண்டு. நான் வாங்கும் இம்ப்ரூவர் டப்பாவில் வருவதே இல்லை. மொத்தக் கடையில் பெரிய மூட்டையைப் பிரித்து, ஒரு கிலோ கவரில் கட்டி, மேலே பேனாவால் விலை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். எண்ணும் இல்லை, புள்ளியும் இல்லை. மேஜையில் எல்லா டப்பாவையும் வரிசையாக வைத்தபோது படிக்க எழுத்தே இல்லாத அந்தக் கவரை நான் எடுத்து வைக்கவே இல்லை.

"மாமி, ரஸ்க் இன்று வேண்டாம். அதற்கு இன்னும் காகிதம் வரவில்லை" என்றேன்.

"அன்றைக்கு அதை வாங்கிக்கொண்டு போனேனே தம்பி" என்றார் மாமி.

"ஆமாம் மாமி" என்றேன். பையனிடம் ரஸ்க் தட்டை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லக் கேட்டு மொத்தக் கடைக்குப் போனைப் போட்டேன்.